இடப்பக்கத்துப் படிக்கயிறு

மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

மருமகள் எழுதுகிறேன். வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அப்படியானால் நன்றாக இருக்கிறேன் என்றுதானே எழுத வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள்.

போனில் கேட்டால் நீங்கள் "இரும்மா, அத்தைகிட்ட குடுக்கறேன்" என்று நழுவிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். உங்கள் வீட்டு முன்னறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பாய்மரக் கப்பலை எனக்குத் தருவீர்களா?

உங்கள் மகன் கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. இந்த வீட்டில் அவர் கையால் செய்த பொருள் ஒன்றுகூட இல்லை மாமா. லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் என்ன இருக்கும்? அவர் சரிசெய்ததெல்லாம் ஊரார் கட்டடங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் கல்யாணத்தன்று என் அப்பாவை அந்தக் கப்பல் பக்கம் கூட்டிப் போய், "வலப்பக்கம் நான் கட்டினது. இடப்பக்கம் முழுக்க இவன், பதினொரு வயசுல" என்று சொன்னீர்கள். நானும் பக்கத்தில் நின்றேன். அவரும் நின்றார்.

அந்த இடப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் வைத்து ஒரு தடவை பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 12

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து ஏழு நாளாகிறது. இங்கு இருவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா தயங்குகிறது. நீ இரவு ஷிப்ட் எடுத்துக்கொள்வதாக அத்தை சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு.

கப்பல் உனக்குத்தான். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அனுப்புவதில் சில சிக்கல்கள் உண்டு. அது முப்பது வருடப் பழசு. பாய்மரங்கள் உறுதியாக இருக்கின்றன. கயிறுகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மாலுமிகள் கால் வைத்து ஏறுவதற்காக ஏணி மாதிரிக் குறுக்கே கட்டுகிறோமே, அந்தப் படிக்கயிறுகள் தையல் நூலில் ஆனவை. ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு படி. குலுங்கினால் தளரும். ஈரக் காற்று பட்டால் இறுகும். தகுந்த பெட்டி செய்ய வேண்டும். ஒரு மாதமாவது ஆகும் என்று நினைக்கிறேன். தவறாகவும் நினைத்திருக்கலாம்.

கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "கேட்டது ஒரு கப்பல். அதுக்கு ஏன் கப்பலே கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? குடுத்துத் தொலைங்க" என்றாள். அவளுக்குப் பெட்டி செய்வதன் சிரமம் தெரியாது.

ஆசிகளுடன்,
மாமா


மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே மழை இல்லை, எனக்குச் சளி இல்லை, மேட்ரனோடு சண்டையும் இல்லை. ஆக, சௌக்கியம். நீங்கள் கண்ணுக்குச் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

பெட்டிக்காகக் கவலைப்பட வேண்டாம். அடுத்த மாதம் நாலு நாள் லீவு சேர்ந்து வருகிறது. நானே வந்து மடியில் வைத்து ரயிலில் கொண்டுபோகிறேன். ஆபரேஷன் தியேட்டரில் பதிமூன்று வருடமாக ஊசியும் நூலும் எடுத்துக் கொடுக்கிற கை மாமா, நடுங்காது. ஒரு சீட்டு எனக்கு, ஒரு சீட்டு கப்பலுக்கு. டிக்கெட் பரிசோதகர் கேட்டால் மாமனார் வீட்டுச் சீர் என்று சொல்லிவிடுகிறேன்.

இடப்பக்கம் இப்போதும் அப்படியேதானே இருக்கிறது?

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மருமகள்


மார்ச் 28
(அனுப்பவில்லை)

அன்புள்ள மருமகளுக்கு,

இதை எழுதி முடித்தால் அனுப்பிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இடப்பக்கத்தில் அவன் கட்டிய முடிச்சு ஒன்றுகூட இல்லை.

முன் பாய்மரத்தில் நூற்று இருபது, நடுவில் நூற்று ஐம்பத்து நான்கு, பின்னதில் எண்பது. ஒரு பக்கத்துக்கு மொத்தம் முந்நூற்று ஐம்பத்து நான்கு முடிச்சுகள். அவன் இடது கைக்காரன் என்பது உனக்குத் தெரியும். வலது கைக்காரன் இடமிருந்து வலமாகக் கட்டிக்கொண்டு போவான். அவன் வலமிருந்து இடமாக வந்தான். முடிச்சின் முதுகில் நூல் குறுக்கே ஏறிப் போகும் ஒரு சாய்கோடு தெரியும். என் முடிச்சில் அது ஒரு பக்கம் சாயும், அவன் முடிச்சில் மறுபக்கம். பிழை ஏதும் இல்லை. அவன் முடிச்சும் பிடிக்கும்.

முதல் நாள் தளர்ந்திருந்த ஒன்றைத்தான் வெட்டினேன். அதைத் திரும்பக் கட்டியதும் அந்த வரிசையில் அது மட்டும் வேறு திசையில் சாய்ந்து நின்றது. அதற்காகப் பக்கத்தில் இருந்ததையும் வெட்டினேன். அன்று மாலைக்குள் வரிசை முழுவதும் என்னுடையதாகிவிட்டது. அச்சகத்தில் எனக்கு அப்போது இரவு வேலை, பிழை திருத்தும் வேலை. பகலில் வீட்டில் இருப்பேன். அவன் பள்ளிக்குப் போனதும் முந்தைய நாள் கட்டியதை வெட்டிவிட்டு, அதே இடத்தில் அதே நூலால் கட்டுவேன். அவன் சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும், "நேத்து போட்டது நல்லா வந்திருக்குடா" என்பேன். மூன்று மாதம் இப்படி நடந்தது. அவனுக்குத் தெரியாது.

அதையே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவன் கட்டியது என்று காட்டினேன். சொல்லிச் சொல்லி, சில வருடங்களில் நானே நம்பிவிட்டேன்.

உனக்கு வேண்டியது அவன் கை பட்ட பொருள். என்னிடம் அது இல்லை


மார்ச் 29

அன்புள்ள மருமகளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கு அத்தைக்கு வலி சற்றுக் குறைவு.

அவசரப்பட்டு வர வேண்டாம் அம்மா. இடப்பக்கத்தில் சில்லறைப் பழுதுகள் இருக்கின்றன. தூசி தட்டி, தேன்மெழுகு தடவிச் சரிசெய்துவிட்டு நானே லாரி பார்சலில் அனுப்புகிறேன். மே கடைசிக்குள் முடியும்.

மாமா


மே 10

அன்புள்ள மாமாவுக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அத்தையிடம் போனில் கேட்டால், "காலைல காபி குடிச்சதும் உள்ள போய்க் கதவச் சாத்திக்கறார். சாப்பிடக் கூப்பிட்டா கையில நூலோட வரார். சோத்துல மெழுகு வாசன அடிக்குது. அந்தக் கப்பலுக்கு இந்தப் பொறப்புல கரை கிடையாது" என்கிறார்.

அதிகமாக எதுவும் செய்யாதீர்கள். பழுதோடு இருந்தால் பழுதோடு கொடுங்கள். எனக்குப் புதுக் கப்பல் வேண்டாம்.

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மருமகள்


ஜூன் 4

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கு இருவரும் சுகம். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும்.

கப்பலை இன்று லாரி பார்சலில் ஏற்றிவிட்டேன். பக்கத்துத் தெருத் தச்சர் பெட்டி செய்து கொடுத்தார். "என்ன சார், கப்பல விடப் பெட்டி கனமா இருக்கே, தண்ணில விட்டா பெட்டி மொதல்ல முழுகும்" என்றார். பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் பஞ்சு. மேல் பலகையைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதில் நான்கு திருகாணிகள். அடியில் கை வைக்காதே. கப்பலைப் பாய்மரத்தைப் பிடித்துத் தூக்காமல் அடித்தாங்கியைப் பிடித்துத் தூக்கு. வெயில் படாத இடத்தில் வை.

இடப்பக்கம் நீ கேட்டபடி இருக்கும்.

வந்து சேர்ந்ததும் ஒரு வரி போடு.

மாமா


ஜூன் 17

என் அன்பான மாமாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். கப்பல் வந்துவிட்டது. ஒரு நூல்கூட அறுந்துபோகவில்லை.

ஒரு விஷயத்தை உங்களிடம் மறைத்துத்தான் கப்பலைக் கேட்டேன். இப்போது சொல்லலாம்.

கல்யாணத்தன்று ராத்திரி ரயிலில் போகும்போது அவரிடம் கேட்டேன், "அவ்வளவு முடிச்சும் நீங்களா போட்டீங்க?" என்று. சிரித்தார். "போட்டேன். ஆனா அதுல என்னோடது ஒண்ணுகூட இல்ல. அப்பா எல்லாத்தையும் அறுத்துட்டுத் தானே கட்டிட்டார். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு நாள் வேண்டுமென்றே ஒரே ஒரு முடிச்சை ஒரு சுற்றுக் குறைவாகப் போட்டு வைத்தாராம். மறுநாள் பார்த்தால் அது முழு முடிச்சாக இருந்ததாம். நீங்கள் அதைக் காட்டி, "கச்சிதம்டா" என்றீர்களாம்.

"அப்புறம் எதுக்கு மூணு மாசம் உக்காந்து கட்டினீங்க?" என்றேன். "அப்பா என்கூட உக்கார்றது அந்த ஒரு மணி நேரந்தான். முடிச்சு யாரோடதா இருந்தா என்ன?" என்றார்.

அவ்வளவுதான். அதன் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஆனால் உங்கள் கண் ஆபரேஷனுக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று உங்களிடம் சொன்னேனே, பொய் மாமா. லீவு இருந்தது. "நான் போய் என்ன செய்ய? நான் எது செஞ்சாலும் அவர் ஒரு தடவ திரும்பச் செஞ்சுக்குவார்" என்று இங்கேயே இருந்துவிட்டார்.

ஒரே ஒரு முடிச்சாவது தப்பியிருக்காதா என்று பார்க்கத்தான் கேட்டேன். தியேட்டரிலிருந்து பூதக்கண்ணாடி விளக்கை இரவல் வாங்கி வந்தேன். எங்கள் பெரிய டாக்டர் இடது கைக்காரர். இடது கை முடிச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமா, எல்லாமே அவருடையது! கீழிருந்து மேல்வரை, மூன்று பாய்மரத்திலும், எல்லாமே மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. சிலது கோணல், சிலது தடித்துப் போயிருக்கிறது, சின்னப் பையன் கை என்று பார்த்ததுமே தெரிகிறது. நீங்கள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அவர் தப்பாக நினைத்துவிட்டார். அந்த ஒரு முடிச்சை மட்டும் நீங்கள் சரிசெய்திருப்பீர்கள், அதை வைத்து எல்லாம் போய்விட்டது என்று பதினொரு வயதில் முடிவு கட்டிவிட்டார். இருபத்தொன்பது வருடம்! தரையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். என்னவென்று சொல்வது?

உங்களை நமஸ்கரிக்கிறேன்.

மருமகள்


ஜூலை 12

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையும் நீங்களும் நலந்தானே? நான் போன் செய்தால் நீங்கள் பேசுவதே இல்லை. நான் எழுதியது உங்களை வருத்தியிருக்கும் என்று தெரிகிறது. அவர் உங்களைப் பற்றி அப்படி நினைத்திருந்தார் என்பதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அது பொய்யான எண்ணம் என்பதற்கு உங்கள் கப்பலே சாட்சி.

எனக்கு அவர்மேல்தான் கோபம். பத்து நாளாக நிற்காத கோபம். பெற்ற அப்பாவை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதாதா? எழுந்து போய் ஒரு தடவை உற்றுப் பார்த்திருந்தால் போதாதா? கண் கட்டோடு நீங்கள் அங்கே கிடந்தபோது இங்கே உட்கார்ந்து டிவி பார்த்தவரை, "பாவம், மனசுல என்ன காயமோ" என்று நானும் விட்டுவிட்டேன். எல்லாம் இல்லாத காயம். அவர் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். அதோடு தினமும் சண்டை போடுகிறேன். செத்தவர்களோடு சண்டை போட்டால் நாம்தான் ஜெயிப்போம் என்பது எவ்வளவு கேவலமாக இருக்கிறது தெரியுமா?

ஒரு வரி எழுதுங்கள்.

மருமகள்


ஜூலை 20

அன்புள்ள மருமகளுக்கு,

படத்தைத் திருப்பி வை. இந்தக் கடிதத்தை மேலே படிப்பதற்கு முன்பே திருப்பி வை.

அவன் சொன்னதுதான் உண்மை. முந்நூற்று ஐம்பத்து நான்கையும் நான் வெட்டினேன். நீ பூதக்கண்ணாடியில் பார்த்தவையும் நான் கட்டியவைதான். ஏப்ரல் ஐந்தாம் தேதி தொடங்கி மே முப்பத்தொன்றில் முடித்தேன். முதல் மூன்று வாரம் இடது கையால் கட்டிப் பழகினேன், ஒரு பழைய சட்டத்தில் நூல்களை இழுத்துக் கட்டி வைத்துக்கொண்டு. பிறகு பழையதை அறுத்துவிட்டு நாளைக்குப் பத்துப் பதினைந்து வீதம் கட்டினேன். நூல் அன்றைய கண்டிலேயே மிச்சம் இருந்தது. புதிதாகத் தெரியாமல் இருக்கத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காய வைத்தேன். கோணலை வரவழைக்க நான் எதுவும் செய்யவில்லை. அது என் இடது கை, அவ்வளவுதான்.

உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று செய்தேன். இது பாதி உண்மை. கல்யாணத்தன்று நான் சொன்ன பொய் வெளிப்படக் கூடாது என்பது மறு பாதி. எது பெரிய பாதி என்று எனக்குத் தெரியவில்லை.

அவனுக்குத் தெரியாது என்று நம்பி இருபத்தொன்பது வருடம் இருந்தேன். உன் ஜூன் மாதக் கடிதத்தை முதல் தடவை படித்தபோது அவன் பேசியதைத் தாண்டி மேலே போக முடியவில்லை. மறுநாள்தான் மீதியைப் படித்தேன். அவன் சொன்னதை நீ நம்பாமல் போய்விட்டாய் என்பது அப்போதுதான் புரிந்தது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். எழுதாமல் விட்டால் உன் பார்வையில் நான் நல்லவன், அவன் அவசரக்காரன். அதற்குச் சம்மதித்து ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன் அம்மா. அவன் கடைசியாக உன்னிடம் விட்டுப் போன உண்மை ஒன்று. அதையும் அறுத்துவிட்டு என்னுடையதைக் கட்டி வைத்தேன்.

நேற்று அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிராமல், "அந்த மூணு மாசமும் சாயங்காலம் பெருக்கினா நூல் துண்டா வரும். அவனும் பாத்திருக்கான். 'குப்பைல போடும்மா, அப்பா கண்ல படாம' ம்பான். உங்களுக்குச் சங்கடமா இருக்குமாம்" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? அதுக்கும் ஒரு திருத்தம் போட்டிருப்பீங்க" என்றாள்.

கண் ஆபரேஷனுக்கு அவன் வராதது சரி. நான் அப்படித்தான்.

அவனோடு சண்டை போடாதே. மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியாததால் கேட்கவில்லை.

மாமா


செப்டம்பர் 6

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. உடம்பு சரியில்லாமல் இல்லை.

படத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். அவரிடம் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. அவரோடு சண்டை பத்து நாளாக என்று எழுதியிருந்தேன். உங்கள் கடிதம் வந்து சேர்வதற்குள் இருபது நாள் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது ஒரு ராத்திரிகூட நாங்கள் பேசாமல் தூங்கியதில்லை.

கப்பலைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். பெட்டியில்கூட வைத்துவிட்டேன். பிறகு வெளியே எடுத்தேன். தையல் பிரிக்கிற கத்திரி என்னிடம் இருக்கிறது. ஓய்வு நாட்களில் மத்தியானம் உட்கார்ந்து இடப்பக்கத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். ஆறின காயத்தில் தையல் பிரிப்பது போல, அடியில் இருக்கும் கயிற்றில் கீறல் படாமல். எடுத்ததை எல்லாம் வெள்ளைத் துணியில் போட்டு எண்ணினேன். தியேட்டர் பழக்கம், எண்ணாமல் முடிக்க வராது. சரியாக இருந்தது. மூலையில் எங்காவது, மேல் தட்டுக்கு அடியில் உங்கள் கைக்கு எட்டாத இடத்தில், ஒன்றாவது பழையதாக இருக்குமா என்று இரண்டு தடவை தேடினேன். இல்லை. உங்கள் வேலையில் எப்போதுமே குறை இருக்காது.

இப்போது அந்தப் பக்கம் நெட்டுக்கயிறுகள் மட்டும் நிற்கின்றன. குறுக்கே எதுவும் இல்லை. அவர் கட்டினதில் மிச்சம் இருப்பது அந்த வெற்றிடம்தான். அப்படியே இருக்கட்டும். பார்க்க வந்தால், தயவுசெய்து, அதில் கை வைக்கக் கூடாது.

அத்தைக்கு மூட்டு வலி மாத்திரை இரண்டு மாதத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையைப் போனில் கூப்பிடுவேன். மணி அடித்தால் இப்போதைக்கு நீங்கள் எடுக்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

மருமகள்


அக்டோபர் 2

அன்புள்ள மருமகளுக்கு,

மாத்திரைகள் வந்து சேர்ந்தன. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அட்டையில் எழுதி அடுக்களையில் மாட்டியிருக்கிறேன். அத்தையால் இப்போது எதையும் பிடிக்காமல் எழுந்திருக்க முடிகிறது. எனக்கும் குறை ஒன்றும் இல்லை.

நீ செய்தது சரி. இதை எழுதுவதற்குக்கூட எனக்கு உரிமை உண்டா என்று யோசித்துவிட்டே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மணி அடித்தால் நான் எடுப்பதில்லை. அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அத்தை பேசுவது மட்டும் கேட்கிறது. "ஆமா"ங்கிறாள், "அப்படியா"ங்கிறாள், "நீ சாப்டியா?" என்று இரண்டு தடவை கேட்கிறாள். போன ஞாயிறு நடுவில் சத்தமாகச் சிரித்தாள். ஒரு வருடமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம். எதற்குச் சிரித்தாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மாமா